மனக்கோயிலும் மில்லிவோல்ட்டும்

திருநின்றவூரை உள்ளூர்க்காரர்கள் இன்னும் தின்னனூர் என்றுதான் சொல்வார்கள். அங்குள்ள இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் வேண்டிக்கொண்டு வருவதுண்டு. அந்த ஊரில் கையில் காசில்லாத சிவனடியார் பூசலார் மனத்துக்குள் கட்டிய கோயிலின் கதை நமக்குத் தெரியும். அதில் எனக்குப் பிடித்தது அவருடைய கறார்த்தனம். மனத்தில்தானே என்று எதையும் விட்டுவிடவில்லை. அஸ்திவாரம், மதில், கிணறு, குளம் எல்லாவற்றையும் முறைப்படி கட்டினார்.

சிமுலேஷன் மென்பொருளுக்கும் அந்தக் கறார்த்தனம்தான் உயிர். நரம்புச் செல்லின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதை விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் சமன்பாடுகளாக்கினார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது கைகொடுக்காததால் ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் விடை கண்டார். 1960இல் டெனிஸ் நோபிள் என்ற இளைஞர் அதே சமன்பாடுகளை இதயச் செல்லுக்கு ஏற்றபடி மாற்றினார். லண்டன் பல்கலைக்கழகக் கணினி அவருக்குக் கிடைத்தது பின்னிரவில்தான். துடிக்கச் சொல்லும் கட்டளை எதுவும் அவர் எழுதவில்லை. சோடியம், பொட்டாசியம் போக்குவரத்தை மட்டும் எழுதினார். எண்கள் தாமாகவே துடித்தன!

இன்று அந்தக் கணக்கை லேப்டாப் கண்சிமிட்டும் நேரத்தில் போட்டுவிடும். மத்திய அரசின் வர்ச்சுவல் லேப்ஸ் திட்டத்தில் அம்ரிதா பல்கலைக்கழகம் உருவாக்கிய நரம்புச் செல் சிமுலேஷன்கள் இணையத்தில் இலவசம்.

ஒரு சோதனை. பொட்டாசியம் செல்லுக்கு உள்ளே 140, வெளியே 4 (லிட்டருக்கு மில்லிமோல்) என்று வையுங்கள். இந்த வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு உடல் வெப்பத்தில் தரும் விடை சுமார் மைனஸ் 95 மில்லிவோல்ட். வெளியே 4ஐ 8 ஆக்கினால் மைனஸ் 76. செல் தூண்டல் எல்லையை நெருங்கிவிட்டதே, இதயம் இன்னும் சுறுசுறுப்பாகத்தானே ஆக வேண்டும்? பெரும்பாலான மாணவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நடப்பது வேறு. மின்னழுத்தம் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டால் சோடியம் வாயில்கள் பல திறக்க முடியாமல் முடங்கிவிடும், மின் அலை தளரும், அளவு மீறினால் இதயமே நிற்கும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் டாக்டர்கள் இளநீர் வேண்டாம் என்பது இதனால்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது.

பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. திரையில் மாணவன் தானே பொட்டாசியத்தைக் கூட்டி, அலை குட்டையாகிப் படுப்பதைப் பார்த்தால் மறக்க மாட்டான். தவளையை அறுத்துக் கற்ற காலத்தில் அதன் இதயத்துக்குப் பொட்டாசியத்தைக் கூட்டிப் பார்க்க முடிந்தாலும், ஒரு செல்லின் மின்னழுத்தம் மாறுவதை இப்படிப் பார்க்கும் வசதி சாதாரணக் கல்லூரி மாணவனுக்கு இருந்ததில்லை.

ஆனால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குவதோடு சோதனை முடிகிறதென்றால் அந்த மென்பொருளே தண்டம். ஆவடி, திருநின்றவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்லைடரைத் தொடுமுன், என்ன நடக்கும் என்று மாணவர்களை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதினால் மார்க்கைக் குறைக்காதீர்கள்.