49 நாள் தூங்கிய வெள்ள மணி

சிகாமட்டில் ஆண்டு இறுதி மழை தொடங்கினால், என் பாட்டி முதலில் செய்யும் வேலை வீட்டுப் பத்திரங்களையும் தாத்தாவின் படத்தையும் அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றுவதுதான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. 2011 ஜனவரி இறுதியில் மீண்டும் வெள்ளம். 2023 மார்ச் தொடக்கத்தில் சிகாமட் ஆறு மறுபடியும் பெருக்கெடுத்தபோது நான் எஸ்.பி.எம். தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். அன்றிரவு பாட்டி விழித்தபோது தண்ணீர் சமையலறைக்குள் வந்துவிட்டிருந்தது.

ஆற்று நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறையின் இணையத்தளத்தில் பார்க்கலாம். வழக்கநிலை, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு படிகளில் அது தகவல் தருகிறது. ஆனால் பாட்டியிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. நள்ளிரவில் அவரை எழுப்ப ஒரு மணி வேண்டும். அதை நானே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணினி. சோற்றுப் பானையிலும் சலவை இயந்திரத்திலும் இருப்பது அதுதான். பொழுதுபோக்காகக் கற்க விரும்புவோர் பெரும்பாலும் ஆர்டுயினோவில் தொடங்குகிறார்கள். 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் பயன்படுத்தட்டும் என்று உருவாக்கப்பட்ட பலகை அது. அதன் உனோ வகையில் உள்ள சில்லுக்கு 32 கிலோபைட் நிரல் நினைவகமும் 2 கிலோபைட் ரேமும்தான் உண்டு. நம் கைப்பேசியில் உள்ள ஒரு படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. ஆனால், தண்ணீர் வந்ததா இல்லையா என்று பார்க்க அது தாராளம்.

நான் முதலில் தேர்ந்தெடுத்தது உனோ அல்ல. பல்கலைக்கழக விடுதியில் நண்பனிடம் இரவல் வாங்கிய இஎஸ்பி32. அதில் வைஃபை, புளூடூத் எல்லாம் உண்டு. தண்ணீர் ஏறினால் என் கைப்பேசிக்குத் தகவல் வரும்படி நிரல் எழுதினேன். விடுதி அறையில் பிரமாதமாக வேலை செய்தது.

விடுமுறையில் வீட்டுக்கு வந்து பெருமையாகக் காட்டினேன். பாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “வெள்ளம் வந்தா கரண்ட்ட நிறுத்திடுவாங்களே, அப்போ இது பேசுமா?”

பேசாது. மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும். அதோடு, செய்தி எனக்கு வந்து என்ன பயன்? எழ வேண்டியவர் பாட்டி. அன்று கற்றது இதுதான்: கருவி எங்கே, எந்த நிலைமையில் உழைக்கப்போகிறது என்று கேட்ட பிறகே சில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உனோவுக்கு மாறினேன். மீயொலி உணரிக்குப் பதிலாக, தண்ணீர்த் தொட்டியில் பொருத்தும் சிறிய மிதவை சுவிட்ச். தூரத்தை அளக்கத் தேவையில்லை. பின்புறக் கால்வாயில் நீர் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டதா என்று தெரிந்தால் போதும். அப்புறம் ஒரு பஸ்ஸர். மின்சாரத்துக்கு முதலில் பவர் பேங்க் வைத்தேன். பலகை எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்து அது தானே அணைந்துபோனது. கடைசியில் மோடத்துக்கு வைக்கும் சிறிய யு.பி.எஸ். கைகொடுத்தது.

நிரலை மாற்றவில்லை. வைஃபை வரிகளை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே ஏற்றினேன். நிமிடத்துக்கு ஒரு முறை சுவிட்சைப் பார்; நீர் ஏறியிருந்தால் மணி அடி. அவ்வளவுதான்.

“இனிமே நிம்மதியா தூங்கலாம்” என்றார் பாட்டி. மறுநாள் நான் விடுதிக்குத் திரும்ப வேண்டும். கிளம்பும் முன் எதற்கும் ஒரு முறை என்று மிதவையை வாளியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. சத்தமே இல்லை. ரீசெட் பொத்தானை அழுத்தினேன், உடனே அலறியது! தண்ணீரைக் கொட்டி, மீண்டும் ஊற்றினால் பழையபடி மௌனம்.

கம்பியை மாற்றினேன். சுவிட்சை மாற்றினேன். பலன் இல்லை. பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்த அண்ணன் ஒருவரை அழைத்தபோது அவர் கேட்டார்: “கம்பைலர் எச்சரிக்கையைத் திறந்து வெச்சிருக்கியா?”

நாம் எழுதும் நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். ஆர்டுயினோ மென்பொருளில் ஒரே பொத்தானை அழுத்தினாலும், பலகைக்குப் பலகை உள்ளே வேறு கம்பைலர் இயங்குகிறது. அதன் எச்சரிக்கைகள் தொடக்கத்தில் மறைக்கப்பட்டிருக்கும். விருப்பத் தேர்வில் ‘அனைத்தும்’ என்று மாற்றியதும் தவறு தெரிந்தது.

ஒரு நிமிடம் காத்திருக்க 60 × 1000 என்று எழுதியிருந்தேன். இஎஸ்பி32இல் சாதாரண முழு எண்ணுக்கு 32 பிட் இடம் உண்டு. 60,000 தாராளமாக அடங்கும். உனோவில் 16 பிட்தான். 32,767க்கு மேல் கொள்ளாது. எனவே 60,000 நிரம்பி வழிந்து கழித்தல் 5,536 ஆகிவிட்டது. காத்திருக்கும் கட்டளைக்குக் கழித்தல் எண் தெரியாது. அதை 429 கோடிக்கும் மேற்பட்ட மில்லி விநாடி என்று எடுத்துக்கொண்டது. அதாவது 49 நாளுக்கும் மேல்! முதல் முறை மட்டும் பார்த்துவிட்டு என் வெள்ள மணி தூங்கப் போயிருந்தது.

திருத்தம் மிகச் சிறியது. எண்ணுக்குப் பின்னால் ‘யுஎல்’ என்ற இரண்டு எழுத்து. அது பெரிய எண் என்று கம்பைலர் புரிந்துகொண்டது. ஆனால் அந்த வாளிச் சோதனையைச் செய்யாமல் பேருந்து ஏறியிருந்தால்? பாட்டி என் கருவியை நம்பி, முன்பைவிட ஆழ்ந்து தூங்கியிருப்பார். கருவியே இல்லாத வீட்டைவிட அது ஆபத்தானது.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். விலை உயர்ந்த பலகை தேவையில்லை. பினாங்கைச் சேர்ந்த சைட்ரோன் நிறுவனம் மாணவர்களுக்கென்றே செய்யும் மேக்கர் உனோவில் விளக்குகளும் பஸ்ஸரும் பலகையிலேயே உள்ளன. பைத்தான் தெரிந்தவர்கள் ராஸ்பெர்ரி பை பிகோவில் மைக்ரோபைத்தான் கொண்டு தொடங்கலாம். கல்லூரியில் பிக் சில்லு படிப்பவர்கள் எக்ஸ்சி8 கம்பைலரின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தலாம். எதை எடுத்தாலும், எச்சரிக்கைகளை முதல் நாளே திறந்து வையுங்கள். பலகை மாறினால் எல்லாவற்றையும் மறுபடி சோதியுங்கள். அதுவும் ரீசெட் அழுத்தியவுடன் அல்ல. நீண்ட நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள்.

இப்போது அந்த மணி பாட்டியின் கட்டிலருகே இருக்கிறது. மாதம் ஒரு முறை வாளித் தண்ணீரில் மிதவையை மூழ்கவைத்துப் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மணி அடித்ததும் எனக்கு அழைத்து, “கத்துதுப்பா” என்பார். ஆனாலும் மழைக்காலம் வந்தால் பத்திரங்களும் தாத்தா படமும் இன்னும் மேல்தட்டுக்குத்தான் போகின்றன. நான் தடுப்பதில்லை. அதுவும் ஒரு பாதுகாப்புதான்.