பழைய காருக்கு எந்த வைத்தியம் தேவை?

மனிதனுக்கு மூப்பு வந்தால் மருத்துவரை நாடுகிறான். காருக்கு மூப்பு வந்தால் மெக்கானிக்கை நாடுகிறோம். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்த வைத்தியம் உண்மையில் தேவைதானா?" நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் மருத்துவருக்கு வகுத்த நெறி. அது காருக்கும் பொருந்தும் அன்றோ?

ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் மக்களுக்கு விடுமுறை என்றால் ஏலகிரிதான். பொன்னேரியில் தொடங்கும் மலைப்பாதை, புலவர்கள், வள்ளல்களின் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திற்கு நம்மைக் கொண்டு செல்கிறது. குடும்பத்தோடு ஏறி இறங்கும் பழைய காருக்கு இதைவிடக் கடுமையான தேர்வுக்கூடம் இவ்வட்டாரத்தில் வேறில்லை.

தமிழ்நாட்டிலேயே பிறந்த இரு விரைவுக் கார்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒன்று, 1998-இல் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து வெளிவந்த மிட்சுபிஷி லான்சர். மற்றொன்று, 1999-இல் மறைமலைநகரிலிருந்து வெளிவந்த ஃபோர்டு ஐகான் 1.6. இரண்டும் இன்று உற்பத்தியில் இல்லை. ஆயினும், 15 ஆண்டுப் பதிவுக் காலம் முடிந்த பிறகும் பதிவைப் புதுப்பித்து ஆசையோடு ஓட்டுவோர் உள்ளனர். அவர்களுடைய பணமோ அளவானது. பட்டறையில் நீட்டப்படும் பட்டியலோ நீளமானது. எதை ஏற்பது, எதை விடுப்பது?

அட்டவணை போதுமா?

காரோடு வரும் கையேட்டில் இத்தனை கிலோமீட்டருக்கு இன்ன வேலை என்ற அட்டவணை இருக்கும். அது நாள்தோறும் ஓடும் புதிய காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஞாயிறுதோறும் மட்டும் வெளியே வரும் பழைய காருக்கு அதை அப்படியே பொருத்த இயலாது.

காரின் பாகங்கள் மூன்று வகையாக முதுமை அடைகின்றன. பிரேக் பேடு, கிளட்ச் தட்டு போன்றவை ஓட்டத்தால் தேய்பவை. ரப்பர் குழாய், பெல்ட், டயர், பிரேக் ஆயில், கூலண்ட் ஆகியவை ஓடாமல் நின்றாலும் ஆண்டுகளால் கெடுபவை. எண்ணெய் காணாமல் கிடக்கும் தோல் வறண்டு வெடிக்கும் என்பது தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். மூன்றாம் வகை, ரிலே, சென்சார் போன்ற மின்சாதனங்கள். இவை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிப் பழுதாகும். நாள் குறித்து மாற்றுவதால் பயன் குறைவு.

இவ்வுண்மையை விமானத்துறை முன்பே கண்டறிந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்னும் இரு பொறியாளர்கள் 1978-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினர். அவர்கள் ஆராய்ந்த விமான பாகங்களில் நூற்றுக்கு 11 மட்டுமே வயது வரம்பு வைத்து மாற்றுவதால் பயன்பெறக் கூடியவை. எஞ்சிய 89-க்கு அத்தகைய வரம்பால் நன்மை இல்லை. நன்றாக ஓடுவதைப் பிரித்துப் பூட்டுவதே சில வேளை புதிய கோளாறுக்கு வித்தாகிவிடுகிறது!

மூன்று கேள்விகள்

எனவே ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இது பழுதானால் போவது பணமா, பயணமா, உயிரா? இது கெடுவது கிலோமீட்டராலா, ஆண்டாலா? பழுதாகும் முன்னர் கண்ணாலோ கருவியாலோ அறிய முடியுமா?

முதலில் டைமிங் பெல்ட். லான்சரின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் வால்வுகளின் இயக்கத்தை ஒழுங்குபடுத்துவது ரப்பர் பெல்ட். ஐகான் 1.6-இலோ அவ்வேலையைச் செய்வது இரும்புச் சங்கிலி. லான்சர்காரர் பெல்ட்டைக் கடைசியாக மாற்றிய நாள் தெரியாவிட்டால், ஓடிய தூரம் குறைவாயினும் மாற்றிவிடுவதே அறிவுடைமை. அதே அறிவுரையை ஐகான்காரருக்குச் சொல்வது வீண். எண்ணெயில் நனைந்து ஓடும் சங்கிலிக்குத் தேவை, காலத்தில் மாற்றப்படும் இன்ஜின் ஆயிலே. பக்கத்து வீட்டுக் காரின் வைத்தியம் நம் காருக்கு ஆகாது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்தது பிரேக். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் 600 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அப்போது வெளிப்படும் ஆற்றல், இருபது லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! கியரைத் தாழ்த்தாமல் பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் இவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக்கில்தான் சேரும். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகைக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும், 3.7 சதவீத நீர் சேர்ந்த நிலையில் அவ்வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது. போவது உயிர், கெடுவது ஆண்டால், கண்ணுக்கோ எளிதில் தெரியாது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவது தட்ட முடியாத செலவு. ஏறுவதற்குத் தேவைப்பட்ட கியரிலேயே இறங்குவதோ செலவில்லாத காப்பு.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் உருவானது. பூ வேலைப்பாடு தேயாமலிருந்தாலும், ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டைத் தாண்டவே கூடாது. ஏற்றத்தில் இன்ஜின் சூடேறாமலிருக்க கூலண்டும், ரேடியேட்டர் மூடியும், ரப்பர் குழாய்களும் நலமாயிருக்க வேண்டும். இன்று 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், அதற்கு முன் செய்யப்பட்ட பெட்ரோல் குழாய்களில் வெடிப்போ கசிவோ உண்டா என்றும் பார்த்தல் நலம். பெட்ரோல் வாடை வந்தால் அன்றே பட்டறைக்குச் செல்க.

எவற்றை ஒத்திப்போடலாம்? இன்ஜின் சீராக ஓடுகையில் இன்ஜெக்டர் சுத்தம், 'இன்ஜின் ஃபிளஷ்', காலம் வராத பிளக் மாற்றம், மெருகேற்றும் பூச்சுகள் ஆகியவற்றை. இவற்றைச் செய்யாவிட்டால் மலைப்பாதையில் எவர் உயிருக்கும் ஊறு நேராது.

பணம் குறைவாக உள்ளவனே எதற்கு முதலிடம் என்று அறிந்திருக்க வேண்டும். பளபளக்கும் பூச்சோடு பழைய பிரேக் ஆயிலைச் சுமந்து மலையேறும் காரைவிட, மங்கிய பூச்சோடு புதிய ஆயிலைச் சுமந்து வரும் காரே நம்பிக்கைக்கு உரியது. மாற்றிய நாளையும் ஓடிய தூரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அடுத்தமுறை பட்டறையில் நீண்ட பட்டியலை நீட்டும்போது, எது தேவை என்பதை அக்குறிப்பேடே சொல்லும்.