அழுக்குக்கு வந்த மரியாதை

2024 டிசம்பரில் சிட்னியில் ஒரு பழைய கிரிக்கெட் தொப்பி ஏலத்துக்கு வந்தது. வெயில் பட்டுப் பட்டுப் பச்சை நிறம் வெளுத்திருந்தது. பூச்சி அரித்த தடம் இருந்தது. முன்விளிம்பு கிழிந்திருந்தது. இந்தக் குறைகளையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லித்தான் பான்ஹாம்ஸ் நிறுவனம் அதை விற்றது. சுமார் பத்தே நிமிடத்தில் ஏலம் முடிந்தது. கட்டணங்களும் சேர்த்து விலை 4,79,700 ஆஸ்திரேலிய டாலர்.

தொப்பிக்குச் சொந்தக்காரர் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் டான் பிராட்மேன். சுதந்திர இந்தியாவின் முதல் வெளிநாட்டுச் சுற்றுப்பயணமாக ஆஸ்திரேலியாவில் நடந்த 1947–48 டெஸ்ட் தொடரில் அவர் அணிந்தது. அந்தத் தொடரில் ஆறே இன்னிங்ஸில் 715 ரன், சராசரி 178.75. இந்திய அணியின் மேலாளராக வந்திருந்த பங்கஜ் குப்தாவுக்கு அவரே அந்தத் தொப்பியைப் பரிசாகக் கொடுத்தார்.

அவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட முடிந்ததா என்று இன்றைய ரசிகருக்குத் தோன்றும். முடிந்தது. அன்று ஆஸ்திரேலிய வீரருக்குத் தொடருக்குத் தொடர் புதுத் தொப்பி வரும். பழையதை நண்பருக்குக் கொடுப்பார்கள், எதிரணிக்காரருக்குக் கொடுப்பார்கள், வீட்டில் எங்காவது மாட்டி வைப்பார்கள். ஆஸ்திரேலிய வீரர் பில் லாரியின் தொப்பி அவருடைய புறாக் கூண்டைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனது என்று ஒரு கதையே உண்டு. கங்காருவும் ஈமுவும் பொறித்த அந்தக் கம்பளித் துணிக்கு மைதானத்தில் மதிப்பு இருந்தது. மைதானத்தை விட்டு வந்தால் அது தொப்பி, அவ்வளவுதான். அழுக்கானால் துவைக்கலாமா என்று அன்று யாரும் பட்டிமன்றம் வைத்திருக்க மாட்டார்கள். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல, பொருளுக்குச் செய்யும் மரியாதையே அதைச் சுத்தமாக வைப்பது என்றிருந்த காலம்.

காற்று திசை மாறியது 1990-களில். மார்க் டெய்லரும் அவருக்குப் பின் ஸ்டீவ் வாவும் தலைமையேற்ற ஆண்டுகளில் அந்தப் பச்சைத் தொப்பியைச் சுற்றி ஒரு சடங்கே உருவானது. டெஸ்டில் முதல் முறை பந்துவீச இறங்கும்போது அணி முழுவதும் அதை அணிய வேண்டும். அறிமுக வீரருக்கு முன்னாள் வீரர் ஒருவர் கையால் அதை வழங்க வேண்டும். கிடைத்த ஒரே தொப்பியை விளையாடும் காலமெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும். 168 டெஸ்ட் ஆடிய வாவின் தொப்பி நிறம் மங்கி, விளிம்பு நைந்து, கந்தலாகிப்போனதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. அந்தக் கந்தலே அவருடைய பதக்கம் ஆயிற்று. வியர்வை, புழுதி, வெற்றிக் கொண்டாட்டத்தில் தெறித்த பீர் என எல்லாம் தொப்பியிலேயே தங்கின. பளிச்சென்ற புதுத் தொப்பிதான் இப்போது கூச்சப்பட வேண்டியதாகிவிட்டது. இயான் சாப்பல் போன்ற முந்தைய தலைமுறைக் கேப்டன்கள் இந்தத் தொப்பி பக்தியைக் கேலி செய்ததுண்டு. பக்தி குறையவில்லை.

பக்தியோடு சந்தையும் சேர்ந்துகொண்டபோது அழுக்குக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. அது சாட்சி சொல்ல வந்தது. 1986 கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா அணிந்த சட்டை 2022-இல் சோதபீஸ் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் மாற்றி வாங்கிக்கொண்ட சட்டை அது. ஏலத்துக்கு முன் மாரடோனாவின் குடும்பத்தார், இது கோல் அடித்த இரண்டாம் பாதிச் சட்டை அல்ல, முதல் பாதியில் போட்டது என்று மறுத்தார்கள். சர்ச்சையைத் தீர்த்தது ஆட்டத்தின் படங்களோடு சட்டையை வைத்துப் பார்த்த ஒப்பீடு. அந்தச் சட்டைகள் மெக்சிகோ நகரக் கடையில் அவசரமாக வாங்கி, முத்திரையும் எண்ணும் அவசரமாகப் பொருத்தப்பட்டவை. அதனால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. கோணலாக விழுந்த முத்திரையே ஆதாரமானது. இன்று ஏல நிறுவனங்கள் கறை, கிழிசல், ஒட்டு, நூல் பிரிந்த இடம் என்று ஒவ்வொன்றையும் இப்படித்தான் தேடுகின்றன. 2004 பேஸ்பால் உலகத் தொடரில் கர்ட் ஷில்லிங் அணிந்த ரத்தக்கறைக் காலுறை 2013-இல் 92,613 டாலருக்கு விலை போனது. அதைத் துவைத்திருந்தால் மிஞ்சியிருப்பது ஒற்றைக் காலுறை.

ஆக, அன்று துவைப்பது பராமரிப்பு. இன்று துவைக்காமல் இருப்பது பராமரிப்பு. ஆனால், 'தொடாதே' என்பதும் 'பாதுகாத்தேன்' என்பதும் ஒன்றல்ல. சேகரிப்பாளர்கள் பலர் சறுக்கும் இடம் இது. வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. நாளாக நாளாக அவை இழையைப் பலவீனமாக்கும். கம்பளியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. சுத்தமான கம்பளியைவிட வியர்வையும் எண்ணெய்ப்பசையும் படிந்த கம்பளி அதற்குப் பிடித்த விருந்து. வரலாற்றைக் காப்பதாக நினைத்து அழுக்கோடு பெட்டியில் பூட்டினால், அந்த வரலாற்றைப் பூச்சி தின்று தீர்த்துவிடும்.

அதற்காக வாளித் தண்ணீரில் முக்குவதும் வழியல்ல. வெந்நீரிலும் தேய்ப்பிலும் கம்பளி இறுகிச் சுருங்கும். பூத்தையல் நூலின் சாயம் ஊறும். உள்பட்டையில் மையால் எழுதிய பெயர் கரையும். பிராட்மேன் பெயர் கரைந்த பிராட்மேன் தொப்பிக்கு யார் பணம் தருவார்? துணிப் பாதுகாப்பு வல்லுநர்கள் இரண்டுக்கும் நடுவே போகிறார்கள். மெல்லிய வலையைத் துணிமேல் வைத்து, குறைந்த உறிஞ்சு விசையில் தளர்ந்த தூசியை மட்டும் எடுப்பார்கள். பூச்சி இருக்கிறதென்று சந்தேகப்பட்டால் பொருளைக் காற்றுப்புகாத பாலிதீனில் கட்டி உறைய வைப்பார்கள்: மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள், மைனஸ் 18 என்றால் இரண்டு வாரம். அமிலமில்லாத தாளை உள்ளே வைத்து வடிவத்தைத் தாங்குவார்கள். காட்சிக்கு வைக்கும்போது வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். வெளுத்த சாயத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த மருந்தும் இல்லை.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு பாகுபாடு இருக்கிறது. ஆட்டத்தில் சேர்ந்த அழுக்கு வேறு, ஆட்டம் முடிந்தபின் பரணில் சேர்ந்த அழுக்கு வேறு. முன்னது பொருளின் பகுதி. பின்னது நம் அலட்சியத்தின் பகுதி. பிராட்மேன் தொப்பியின் வெளுப்பு ஆஸ்திரேலிய வெயிலில் வந்ததாக இருக்கலாம், அதைத் தொடக்கூடாது. பூச்சித் துளையில் பிராட்மேனுக்கு எந்தப் பங்கும் இல்லை. அந்தத் துளையை மறைக்க வேண்டாம். அடுத்த துளை விழவிடவும் வேண்டாம்.

அழுக்குதான் விலையைக் கொடுக்கிறது என்ற நம்பிக்கையும் முழு உண்மை அல்ல. ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன் பச்சைத் தொப்பி பக்தர் அல்லர். மைதானத்தில் அகன்ற விளிம்புள்ள வெள்ளைத் தொப்பியைத்தான் அதிகம் விரும்பினார். ஆனாலும் காட்டுத்தீ நிவாரணத்துக்காக 2020 ஜனவரியில் அவர் ஏலம் விட்ட பச்சைத் தொப்பி 10,07,500 ஆஸ்திரேலிய டாலர் ஈட்டியது. பிராட்மேன் தொப்பியைவிட இருமடங்குக்கும் மேல். அந்த விலையைக் கொடுத்தது 708 விக்கெட்டும், பணம் போய்ச் சேர்ந்த இடமும். கறைக்கு அதில் பங்கில்லை.

எனவே, வீட்டு அலமாரியில் பழைய தொப்பியோ சட்டையோ வைத்திருப்பவர் முதலில் எடுக்க வேண்டியது சோப்பும் அல்ல, பூட்டும் அல்ல, கேமரா. எந்தக் கறை எங்கே இருக்கிறது, அது எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். கதை தெரியாத கறையை, கதை தெரியும்வரை விட்டுவைக்கலாம். துவைத்ததைத் திரும்ப அழுக்காக்க முடியாது. அழுக்கை நாளைக்கும் துவைக்கலாம்.