வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளும் அவற்றால் வேளாண்மைக்கு உண்டாகும் நன்மையும்

செங்கற்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரி, சின்ன காஞ்சிபுரத்தினின்றும் உத்திரமேரூர் வழியாக ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க தூரத்தில் இருக்கின்றது. இதன் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். அதாவது ஏறக்குறைய 74 ஏக்கர். வேடர் தங்கிய ஊர் எனப் பொருள்படும் பெயரைக் கொண்ட இக்கிராமத்தின் குடிகளே பறவைகளை நெடுங்காலமாகக் காத்து வருகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

காண வேண்டிய காலமும் காட்சியும்

வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பறவைகள் வந்து கூடுகின்றன. நீரில் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கூழைக்கடா ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. மரத்தைச் சூழ நீர் நிற்பதால் பூனை, நரி முதலியவை கூட்டை எளிதில் அணுகமாட்டா. தை, மாசி மாதங்களில் குஞ்சுகளைப் பெருவாரியாகக் காணலாம்.

காலையில் கரைமீது நிற்போர், பறவைகள் கூட்டங் கூட்டமாக இரை தேடப் புறப்படுவதையும், மாலையில் அவை திரும்பி மரங்களை வெண்மையாக்குவதையும் காண்பர். நடுப்பகலில் அருகிலுள்ள கரிக்கிலி ஏரிக்குச் செல்லலாம். திறந்த நீர்ப்பரப்பான அவ்விடத்தில், வடதேசங்களிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து முதலியவை மேய்கின்றன.

வயலுக்கு உண்டாகும் பயன்

பறவைகள் பல மைல் சுற்றளவிலுள்ள குளங்களிலும் வயல்களிலும் மீன், நண்டு, நத்தை, தவளை ஆகியவற்றைத் தின்று, இவ்வேரிக்குத் திரும்பி எச்சமிடுகின்றன. ஆகவே பரந்த பிரதேசத்தில் சிதறிக் கிடக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஓரிடத்தில் திரள்கின்றன. அவை நீரில் கரைந்து மதகின் வழியே நெல் வயலை அடைகின்றன. இந்நீர் பாயும் நிலம் செழிப்பதைக் குடிகள் அனுபவத்தால் அறிவர். வரப்பில் வளை தோண்டி நீரைக் கசியவிடும் நண்டுகளைப் பறவைகள் தின்பதும் ஓர் உதவியாகும்.

ஆயினும் எரு நீர் பாயும் வயலில் யூரியாவை வழக்கமான அளவில் இடுவது வீண் செலவு. தழைச்சத்து மிகுந்தால் பயிர் சாய்வதுடன் பூச்சியும் நோயும் பெருகும். மண்ணையும் நீரையும் பரிசோதித்து உரத்தின் அளவை நிர்ணயிப்பதே சிலாக்கியம்.

பாதுகாப்பின் வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சிப்பாய்கள் இப்பறவைகளைச் சுட்டபோது, கிராமத்தார் கலெக்டரிடம் முறையிட்டு, சுடுவதைத் தடுக்கும் கவுலைப் பெற்றனர். செங்கற்பட்டு ஜாகீரில் லயோனல் பிளேஸ் கலெக்டராக இருந்த காலம் அது. அந்தக் கவுல் 1858-ல் புதுப்பிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளுக்கு மேலும் காவல் அளித்தது. 1998-ல் ஏரியைச் சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரையுள்ள நிலம், பட்டா நிலங்கள் உட்பட, சரணாலய எல்லைக்குள் அடங்கியது. 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாயின.

நிலமுடையோரும் கிராம அலுவலரும் செய்யத்தக்கவை

ஏரி மட்டும் காக்கப்பட்டால் போதாது. பறவைகள் இரை கொள்வது சுற்றுப்புற வயல்களிலும் சிற்றேரிகளிலும் ஆதலின், அவை கெட்டால் வேடந்தாங்கலும் வெறிச்சோடும்; எரு நீரும் இல்லாதொழியும். ஆதலால் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. பூச்சிமருந்தைத் தேவையறிந்தே தெளிக்க வேண்டும். மருந்து கலந்த வயல்நீரை ஏரி, குளங்களில் வடியவிடலாகாது.

2. வரத்துக்கால்களிலும் நீர்ப்பிடிப்பிலும் ஆக்கிரமிப்பு ஏற்படாதபடி கிராம அலுவலர் மழைக்கு முன்னரே பார்வையிட வேண்டும்.

3. தூர் வாருதலும் கரை செப்பனிடுதலும் குஞ்சுகள் பறந்து சென்றபின், கோடையில் நடைபெற வேண்டும். கூடு தாங்கும் மரங்களை வெட்டலாகாது.

4. கூடு கட்டும் காலத்தில், தீபாவளி வரினும், வெடி வெடித்தல் கூடாது. இக்கட்டுப்பாட்டை வேடந்தாங்கல் மக்கள் தாமாகவே அனுஷ்டித்து வருகின்றனர். அண்டைக் கிராமங்களும் இதனைப் பின்பற்றுமாயின், பறவைகளுக்குக் கிடைக்கும் அமைதி குடியானவருக்கு விளைச்சலாகத் திரும்பும்.