அரசவைக் கதையும் கல்வெட்டுச் சான்றும்

சோழர் வரலாறு என்றதும் நம் மாணவர் பலர்க்கு முதலில் நினைவுக்கு வருவது வரலாற்று நூல் அன்று. கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' என்னும் புதினமே ஆகும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடர்கதையாக வெளிவந்து, 5 பாகங்களாக அமைந்த நூல் அது. அதைப் படித்த மாணவன் வரலாற்று வினாவுக்கு விடை எழுதுங்கால், நந்தினி என்பாள் சோழ அரசியலை ஆட்டி வைத்தாள் என்று எழுதிவிடுவதுண்டு. இதனைக் கண்டு, 'புதினமே படிக்க வேண்டா' எனத் தடுக்கும் ஆசிரியரும் உளர். இரண்டும் தவறு. வேண்டுவது தடையன்று, படிக்கும் முறையே ஆகும்.

கதையின் உயிர்நிலை ஆதித்த கரிகாலனின் கொலை. சுந்தர சோழரின் மூத்த மகனும் பட்டத்துக்கு உரியவனும் வீரபாண்டியனை வென்றவனுமாகிய அவ்விளவரசன் கி.பி. 970ஐ ஒட்டிய காலத்தில் கொல்லப்பட்டான். இது கற்பனையன்று. இதற்குச் சான்று, காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிற் சுவரில் உள்ளது. வந்தியத்தேவன் குதிரைமேல் வரக் கதை தொடங்கும் வீரநாராயண ஏரியும் அவ்வூரை அடுத்ததே.

அக்கல்வெட்டு முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் அரியணை ஏறியது 985 ஆதலின், கொலை நிகழ்ந்து ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழித்து அது பொறிக்கப்பட்டது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்போர் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனக் குறிக்கப்படுகின்றனர். இவர்களுடையனவும் இவர்தம் உறவினருடையனவுமான நிலங்களைப் பறிமுதல் செய்து விற்குமாறு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார்க்கு அரசன் ஆணை விடுத்தான். கல்வெட்டின் நோக்கம் கொலைக் கதையைக் கூறுவதன்று. பறிமுதலான நிலம் கைமாறி அறக்கட்டளை ஆனதைப் பதிவதே அதன் நோக்கம். கொலை நிகழ்ந்த இடம், கொல்லத் தூண்டியவர், கொன்றமைக்குக் காரணம் ஆகிய மூன்றையும் அது கூறவில்லை.

கூறாது விட்ட இவ்விடத்திலேதான் புதின ஆசிரியர் புகுகின்றார். கல்லில் பெயரளவில் நின்ற இரவிதாசன் கதையில் மந்திரவாதியாக, பாண்டியரின் ஆபத்துதவிகளுக்குத் தலைவனாக வருகின்றான். கரிகாலன் இளமையில் விரும்பிய நந்தினி, பின் பழுவேட்டரையரின் இளையராணியாகி, வஞ்சம் தீர்க்கக் காத்திருக்கின்றாள். நந்தினிக்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. அவள் முழுதும் கல்கியின் படைப்பு. பழுவேட்டரையர் குடி அத்தகையதன்று. சோழரோடு மணவுறவு கொண்டிருந்த சிற்றரசர் குடி அது. அரசியல் வேட்கையை மட்டும் காட்டினால் கதை வறண்டுவிடும் எனக் கருதியே, அவ்வேட்கைக்கு அடியில் முறிந்த காதல் ஒன்றை ஆசிரியர் வைத்தார் எனலாம்.

ஆயினும், கதையில் வரும் காதல் யாவும் வெறுங்கற்பனை என்று தள்ளுதலும் பொருந்தாது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, இராசராசனின் தமக்கை குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கின்றது. மணம் வரலாறு, பழையாறையிலும் ஆற்றங்கரையிலும் வளர்ந்த காதல் கற்பனை. மற்றும், அக்கோயிலுக்குக் கொடை அளித்தோரை வரிசைப்படுத்தும் அரசன் தன் கொடைக்குப் பின் தமக்கையின் கொடையையும், அதன்பின்னரே தன் தேவியரின் கொடையையும் வைக்கின்றான். கதையில் குந்தவை பெறும் பெருமதிப்புக்கு இவ்வரிசையே வேராகும்.

நம் நாட்டார்க்கு அண்மையான சான்றும் ஒன்றுண்டு. கதையில் அருள்மொழிவர்மன் நோயுற்று நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் தங்குகின்றான். அவ்விகாரத்தைக் கடாரத்து மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் எடுப்பித்தான் என்றும், அதற்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான் என்றும் லெய்டன் பெரிய செப்பேடு கூறும். கடாரம் இன்றைய கெடா என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. 1006ஐ ஒட்டிய அறச்செயலோடு இணைந்த விகாரத்தைக் கதை 970ஐ ஒட்டிய காலத்திலேயே காட்டுகின்றது. காலத்தை இவ்வாறு முன்தள்ளிக்கொள்ளும் உரிமை புதினத்துக்கு உண்டு. வரலாற்று விடைத்தாளுக்கு இல்லை.

இவ்வேறுபாட்டை அறியாவிடின் விளையும் தீங்கு மதிப்பெண் குறைவோடு நிற்பதில்லை. இறந்தார் மேல் பழி ஏறுகின்றது. கரிகாலனுக்குப் பின் பட்டம் பெற்றவன் அருள்மொழி அல்லன். அவன் சிற்றப்பன் முறையினனாகிய உத்தம சோழன். இதனால் உத்தமனுக்குக் கொலையில் பங்கு இருத்தல் கூடும் என நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கொலையாளிகளுள் ஒருவன் பட்டம் 'பஞ்சவன் பிரமாதிராசன்'. மற்றொருவன் பட்டம் 'இருமுடிச்சோழ பிரமாதிராசன்'. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். முன்னதைக் கொண்டு பாண்டியர் பழிவாங்கல் எனலாம். பின்னதைக் கொண்டு சோழ அரசவையின் உட்பகை எனலாம். ஒரே கல் இரு பக்கமும் இடந்தருகின்றது. அங்ஙனமாக, ஒருவனைக் கொலைகாரன் எனத் துணிந்து கூறுதல் நடுவுநிலை ஆகாது. கல்கியும் கடம்பூர் மாளிகையின் இருளில் குத்தியவர் இன்னார் எனத் துணிந்து காட்டாமலே விட்டார்.

செப்பேட்டையும் அப்படியே நம்பிவிடுதல் கூடாது. சிற்றப்பன் அரசாள விரும்பியமையால் அருள்மொழி அரசை வேண்டாது விட்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கின்றது. கதையின் முடிவில் வரும் முடிதுறப்புக்கு இதுவே மூலம். அச்செப்பேடு அவன் மகன் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிற்பட்டது. தந்தையைப் புகழ்தல் மகனின் அவைப்புலவர்க்குக் கடமை. எனவே கதைக்குக் கதையாசிரியரின் நோக்கம் இருத்தல் போலச் செப்பேட்டுக்கும் அரசவையின் நோக்கம் உண்டு.

வகுப்பில் இதனைக் கற்பிக்க எளிய வழி உண்டு. மாணவர் தம் ஏட்டில் மூன்று பத்திகள் வகுத்துக்கொள்ளட்டும். முதற்பத்தியில் கல்வெட்டும் செப்பேடும் சொல்வன. இரண்டாவதில் அவற்றைக் கொண்டு ஆய்வாளர் உய்த்துணர்ந்தன. மூன்றாவதில் கதை மட்டுமே சொல்வன. குந்தவையின் மணம் முதலதில் அமையும். உத்தமன் மேல் எழுந்த ஐயம் இரண்டாவதில் அமையும். நந்தினி மூன்றாவதில் அமைவாள். ஓர் அத்தியாயத்துக்கு இவ்வாறு செய்து பழகிய மாணவன், பிறகு தானே வகுக்கத் தொடங்குவான்.

இப்பயிற்சியால் கதையின் சுவை குன்றுமோ என அஞ்ச வேண்டா. மூன்று பெயர்களும் ஒரு நிலக் கணக்கும் உள்ள கல்லிலிருந்து ஐந்து பாகக் கதை எழுந்த விதத்தை அறியும்போது சுவை மிகவே செய்யும். வரலாற்றை மதிக்கவும் கதையைச் சுவைக்கவும் ஒருங்கே பயின்ற மாணவன், நாளை செய்தித்தாளைப் படிக்கும்போதும் நிகழ்ந்தது எது, ஊகம் எது, புனைவு எது என்று பிரித்தறிவான். புதினம் வகுப்பறைக்குள் வருவதன் பெரும்பயன் இதுவே ஆகும்.