பழசைத் தூக்கி எறியாதீங்க... காசாக்கலாம் வாங்க!



தொழில் தொடங்கலாம்னு குழுக் கூட்டத்தில் பேச்சு வந்தாலே ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி, தையல் என்றுதான் நாம் சொல்லுவோம். நல்ல தொழில்கள்தான். ஆனால் ஒரே தெருவில் நாலு பேர் அப்பளம் போட்டால் வாங்குகிறவர் யார்? அதிகம் பேர் கை வைக்காத ஒரு தொழிலை இந்த இதழில் பார்ப்போம். உடைந்த நாற்காலி, துருப்பிடித்த பீரோ, கால் ஆடுகிற மேஜை, பரணில் கிடக்கிற பித்தளைப் பாத்திரம் ஆகியவற்றை வாங்கி, சரி செய்து, விற்கிற தொழில் அது. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். பொறுமையும், கை சுத்தமும், கணக்கு எழுதுகிற பழக்கமும் வேண்டும்.

பொருள் எங்கே கிடைக்கும்?

காயலான் கடைதான் முதல் இடம். அங்கே மரச் சாமான் விறகு விலைக்கும், இரும்பு எடை விலைக்கும் போகும். அடுத்தது, வீடு மாற்றிப் போகிறவர்கள். புது வீட்டுக்குப் பழைய கட்டில் வேண்டாம் என்று சொல்லுகிறவர்கள் நம்ம ஊரிலேயே இருக்கிறார்கள். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கதவு, ஜன்னல், நிலை, மர அலமாரி கிடைக்கும். பள்ளிக்கூடம், அலுவலகம், கல்யாண மண்டபம் ஆகியவற்றில் கழித்த சாமான்களை ஏலம் விடுவார்கள்.

மார்கழிக் கடைசியில் போகி வருகிறது. அன்று எரிக்கிற, தூக்கிப் போடுகிற பொருளில் பாதி நல்ல பொருள். போகிக்கு ஒரு வாரம் முன்னாடியே தெருவில் சொல்லி வையுங்கள். எரித்தால் புகைதான் மிஞ்சும். நம்மிடம் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு வருமானம்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த மரத் தூண், கதவு, பெட்டி, எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே கடை கடையாக விற்கிறார்கள். வெளியூர், வெளிநாட்டுக்காரர்களும் தேடி வந்து வாங்குகிறார்கள். நமக்கு விறகாகத் தெரிகிற மரம் இன்னொருவருக்குப் பொக்கிஷம்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

1. ஆட்டிப் பாருங்கள். மூட்டு மட்டும் ஆடினால் பயமில்லை, ஒட்டிச் சரி செய்யலாம். கட்டையே நீளவாக்கில் பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

2. அடிப்பக்கத்தையும் இழுப்பறையின் உள்பக்கத்தையும் பாருங்கள். பெயின்ட் படாத அந்த இடத்தில்தான் மரத்தின் நிஜ முகம் தெரியும். ரேகை ஓடினால் அசல் மரம். தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் ஓரத்தில் பிஸ்கட் உடைந்த மாதிரி உதிரும். அது தண்ணீர் பட்டு ஊதியிருந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது.

3. ஸ்க்ரூ டிரைவரால் கால்களின் அடியில் குத்திப் பாருங்கள். உள்ளே பொதபொதவென்று போனால் கரையான் வேலை. குண்டூசி முனை அளவு ஓட்டைகளும், கீழே மாவு போலத் தூளும் இருந்தால் உளுத்த மரம். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற சாமானுக்கும் பரவும்.

4. தூக்கிப் பாருங்கள். தேக்கும் வேங்கையும் கையில் கனம் தெரியும்.

வாங்கவே கூடாதவையும் உண்டு. பழைய மெத்தை, சோபா பஞ்சு வேண்டாம். மூட்டைப்பூச்சி வந்தால் விரட்டுவது பெரும்பாடு. பழைய கேஸ் அடுப்பு, பிரஷர் குக்கர், மின்சாரச் சாமான் ஆகியவற்றை அந்த வேலை கற்றவர் குழுவில் இல்லாமல் தொடாதீர்கள். நம்ம கையால் போன பொருளால் ஒரு வீட்டில் விபத்து நடக்கக் கூடாது.

மரச் சாமானைச் சரி செய்யும் முறை

முதலில் வெளியில் வைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள். பிறகு நிழலில் காய விடுங்கள். ஈர மரத்தைக் கொளுத்தும் வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

அடுத்து மூட்டு வேலை. ஆடுகிற மூட்டை மெல்லக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது. பெவிகால் தடவிப் பொருத்தி, நான்கு காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்குங்கள். முறுக்க முறுக்க மூட்டு இறுகும். அப்படியே ஒரு நாள் முழுக்க விடுங்கள். அவசரப்பட்டு ஆணி அடித்தால் மரம் பிளக்கும், கொஞ்ச நாளில் திரும்பவும் ஆடும்.

பிறகு உப்புத்தாள். முதலில் 80 நம்பர், அடுத்து 120, கடைசியில் 220. நம்பர் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும், பாலிஷ் போட்ட பிறகு அது பளிச்சென்று தெரியும். சின்ன ஓட்டைகளுக்கு அதே மரத்தின் தூளைப் பெவிகாலில் குழைத்து அடைத்தால் நிறம் ஓரளவு ஒத்துப்போகும்.

கடைசியாக மேல்பூச்சு. தேக்கு, ஈட்டி போன்ற நல்ல மரத்துக்கு ரேகை தெரிகிற மாதிரி பாலிஷ் அல்லது வார்னிஷ் போதும். பல மரம் கலந்து செய்த சாமானுக்குப் பிரைமர் அடித்து, எனாமல் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். முதல் கை நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது.

பிரம்பு நாற்காலியின் பின்னல் மட்டும் போயிருந்தால் அது நமக்கு லாபச் சாமான். பிரம்பைத் தண்ணீரில் ஊற வைத்து, வளைகிற பதத்தில் பின்ன வேண்டும். காயும்போது தானே இறுகும். ஒயர் கூடை பின்னத் தெரிந்த சகோதரிகளுக்கு ஒயர் நாற்காலி பின்னுவது கஷ்டமே இல்லை.

இரும்பு, பித்தளை, கல்

இரும்பு பீரோ, கட்டில்: கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை முழுக்க எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பிறகு எனாமல் அடிக்க வேண்டும். துருவை மூடி மேலே பெயின்ட் அடித்தால் மழைக்காலத்தில் கொப்பளித்து உரியும், நம் பெயரும் சேர்ந்து உரியும்.

இரும்புத் தோசைக்கல்: துருவைத் தேய்த்து எடுத்து, வடிகஞ்சியில் ஊற வைத்துக் கழுவி, எண்ணெய் தடவிச் சூடாக்கி, வெங்காயத்தால் தேய்த்துப் பழக்குங்கள். பழக்கின கல்லுக்கு நகரத்தில் நல்ல கேட்பு இருக்கிறது.

பித்தளை: புளியும் உப்பும் போதும். ஆனால் சமைக்கிற பாத்திரம் என்றால் உள்ளே ஈயம் பூசித்தான் விற்க வேண்டும். பூசாத பித்தளையில் புளிக் குழம்பு வைத்தால் புளிப்பு செம்பைக் கரைத்து எடுக்கும். பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் விஷம். பூசுகிறவரிடம் கேட்டு, தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

அம்மி, ஆட்டுக்கல்: கொத்தி வைத்தால் அரைக்க வாங்குகிறவர்களும் உண்டு, தோட்டத்தில் அழகுக்கு வைக்கிறவர்களும் உண்டு.

உடம்பு முக்கியம், பிள்ளைகள் அதைவிட முக்கியம்

இந்தப் பகுதியைக் குழுவில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பழைய பெயின்ட்டில் காரீயம் கலந்திருக்கலாம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்ட விதி 2017 நவம்பர் முதல்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சாமானைத் தேய்க்கும்போது பறக்கிற தூசி மூச்சிலும், கையிலும், சாப்பாட்டிலும் சேரும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் கெடுக்கும். வயிற்றில் இருக்கிற சிசுவையும் விடாது.

அதனால், பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற தாள் கடையில் கிடைக்கும். வாய், மூக்குக்கு நல்ல முகக் கவசம் போடுங்கள். சேலைத் தலைப்பு போதாது. வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். கை கழுவி, சேலை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த வேலை கொடுக்க வேண்டாம். மீந்த பெயின்ட் கட்டைகளை வெந்நீர் அடுப்பில்கூட வைக்காதீர்கள், புகையில் விஷம் வரும்.

பாலிஷில் சேர்க்கிற ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பங்கரைப் பக்கம் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள்.

கணக்கு: நம் கூலி எங்கே?

ஒரு நாற்காலிக்கு உதாரணக் கணக்கு பார்ப்போம். விலை ஊருக்கு ஊர் மாறும். முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய விலை - ரூ.200
வண்டிக் கூலி - ரூ.50
உப்புத்தாள், பெவிகால் - ரூ.80
பாலிஷ் - ரூ.120
ஒயர் - ரூ.150
போன், சேதாரம், இதர - ரூ.40
நம் உழைப்பு 6 மணி நேரம், மணிக்கு ரூ.60 வீதம் - ரூ.360
மொத்தம் - ரூ.1,000

இந்த நாற்காலியை 800 ரூபாய்க்கு விற்றால் என்ன ஆகும்? கையை விட்டுப் போனது 640, வந்தது 800, அதனால் 160 லாபம் என்று நாம் சந்தோஷப்படுவோம். உண்மையில் அது லாபம் இல்லை. 6 மணி நேரம் உழைத்ததற்கு 160 ரூபாய், அதாவது மணிக்கு 27 ரூபாய்கூட இல்லை. வீட்டு வேலைக்குத்தான் கூலி இல்லை, தொழிலிலும் நம் உழைப்பைச் சும்மா கொடுக்கணுமா? கூலியை முதலில் எழுதுங்கள். அதற்கு மேல் வருவதுதான் லாபம். அந்த விலைக்குச் சந்தையில் போகாது என்றால், அந்தப் பொருளை வாங்காமல் விடுவதே புத்திசாலித்தனம்.

எடுத்த எடுப்பில் பெரிய கடன் வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து, குழுவில் சின்ன உள்கடன் எடுத்து, மூன்று பொருளோடு ஆரம்பியுங்கள். 10,000 ரூபாய்க்கு மாதம் ஒரு வட்டி என்றால் மாதம் 100 ரூபாய். பொருள் நான்கு மாதம் விற்காமல் நின்றால் 400 ரூபாய் போச்சு. பொருள் நிற்க நிற்க வட்டி ஓடும் என்பதை மறக்காதீர்கள். விற்பனை பழகிய பிறகு வங்கிக்குப் போகலாம். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை சிறு தொழிலுக்குக் கடன் உண்டு. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பணம் கேட்கிறவரை நம்ப வேண்டாம்.

சட்டச் சிக்கலில் மாட்டாமல் இருக்க

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்கினால் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 411-வது பிரிவில் இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் இருக்கிறது. ஆகவே ஒரு கொள்முதல் நோட்டு போடுங்கள். தேதி, பொருள், கொடுத்தவர் பெயர், முகவரி, போன் நம்பர், கையெழுத்து, விலை எல்லாம் அதில் ஏற வேண்டும். சந்தேகமான ஆள், சந்தேகமான விலை என்றால் வாங்காதீர்கள்.

இன்னொன்று. 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, சிற்பம், கலைப் பொருட்களும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட முக்கியமான ஓலைச்சுவடி, கையெழுத்துப் படிகளும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது. பழைய சாமி சிலை யாராவது கொண்டுவந்தால் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். இதற்கென்றே தமிழ்நாட்டில் 1983 முதல் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கிறது.

எப்படி விற்பது?

சரி செய்வதற்கு முன்னும் பின்னும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே பாதி வியாபாரம் முடிந்தது. வாரச் சந்தை, வாட்ஸ்அப், கூட்டமைப்புக் கண்காட்சி, கல்லூரிச் சந்தை என்று இடம் தேடுங்கள். புதிதாகக் குடித்தனம் வருகிறவர்கள், விடுதி நடத்துகிறவர்கள், டீக்கடை வைக்கிறவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள்.

குறையை மறைக்காதீர்கள். “இந்தக் கால் ஒட்டினது, தாங்கும். ஆனா மழையில நனைக்காதீங்கம்மா” என்று சொல்லி விற்றால் அவர் இன்னும் நாலு பேரை அனுப்புவார்.

போனில் பணம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. “பணம் அனுப்புறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்க வேண்டியதில்லை. வங்கியில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு பொருளை வண்டியில் ஏற்றுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் ஒயர் பின்னத் தெரிந்தவர் யார்? பெயின்ட் வேலைக்குப் போனவர் யார்? விலை பேசுவதில் கெட்டிக்காரர் யார்? சாமான் வைக்க மழை படாத இடம் யாரிடம் உண்டு? இந்த நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, முதல் பொருளைத் தேடிக் கிளம்புங்கள். வெளியே வாங்குவதற்கு முன் அவரவர் வீட்டுப் பரணில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். முதல் சரக்கு அங்கேயே இருக்கலாம்.