மைனஸ் 2 எங்கிருந்து வந்தது?

புரோகிராமிங் பழகத் தொடங்கியவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் வொய்ல் லூப். 'நிபந்தனை பொய்யானதும் லூப் நின்றுவிடும்' என்று படித்திருப்பீர்கள். அந்த 'பொய்யானதும்' என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

சி மொழியில் சிறு புரோகிராம் ஒன்று எழுதுங்கள். பேலன்ஸ் என்ற வேரியபிளில் 10 என்று வையுங்கள். பேலன்ஸ் 0-வை விட அதிகமாக இருக்கும் வரை லூப் சுற்ற வேண்டும். உள்ளே இரண்டே வரிகள். முதல் வரி பேலன்ஸில் 3-ஐக் கழிக்கும். அடுத்தது மிச்சத்தைத் திரையில் காட்டும். இயக்கிப் பாருங்கள். 7, 4, 1 என்று வந்து, கடைசியில் -2 வந்து நிற்கும்!

தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் வாசலில்தான் நிற்பார். உள்ளே வந்து எட்டிப் பார்க்க மாட்டார். நிபந்தனையும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரே ஒரு முறை சோதிக்கப்படும். பேலன்ஸ் 1 ஆக இருந்தபோது உள்ளே விட்டாயிற்று. கழித்ததும் அது -2 ஆகிவிட்டாலும், அடுத்த வரியும் முடிந்து மீண்டும் மேலே போனால்தான் கம்ப்யூட்டர் அதைக் கவனிக்கும். இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் 10, 7, 4, 1 என்று ஒழுங்காக வரும். (டூ-வொய்ல் லூப்பில் சோதனை கடைசியில் நடக்கும். அதனால் ஒரு சுற்றாவது ஓடியே தீரும்.)

வாசலில் சோதித்தால் மட்டும் போதாது. உள்ளே ஏதாவது மாறவும் வேண்டும். 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி ஜூன் மியூசிக் பிளேயர்கள் உலகெங்கும் உறைந்து நின்றது இதனால்தான். 1980-லிருந்து எண்ணிய நாட்களில் ஆண்டு ஆண்டாகக் கழித்து, இது எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க அதில் ஒரு வொய்ல் லூப் இருந்தது. நிபந்தனை, மிச்ச நாட்கள் 365-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது. 2008 லீப் ஆண்டு. அதன் கடைசி நாளில் மிச்சம் சரியாக 366. எனவே வாசலில் அனுமதி கிடைத்தது. உள்ளேயோ, லீப் ஆண்டென்றால் 366-ஐ விட அதிகமாக இருந்தால் மட்டும் கழி என்று எழுதியிருந்தார்கள். கழிக்கவில்லை, எதுவும் மாறவில்லை. மீண்டும் வாசல், மீண்டும் 366, மீண்டும் அனுமதி!

பேட்டரியை முழுதும் தீரவிட்டு, ஜனவரி 1 அன்று கிரீன்விச் நேரம் நண்பகலுக்குப் பின் சார்ஜ் ஏற்றச் சொன்னது மைக்ரோசாஃப்ட். அதற்குள் எண்ணிக்கை 367 ஆகியிருக்கும் அல்லவா, லூப் தானாக விடுபட்டுவிடும். அந்த இடத்தில் ஒரு 'பிரேக்' எழுதியிருந்தாலே போதும்.

உங்கள் புரோகிராமும் இப்படிச் சிக்கிக்கொண்டால் பயப்படாதீர்கள். கண்ட்ரோல் கீயுடன் சி-யை அழுத்துங்கள், நின்றுவிடும்.